கோப்பில் இருவர்

மாணவி ஒரு வரி எழுதினாள். நிறுத்தினாள். அழித்தாள்.

பேராசிரியை தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாணவி இருந்தது வேறு நாட்டில். கோப்பு இணையத்தில், இருவருக்கும் பொது. யார் திறந்தாலும் மேலே பெயர் தெரியும். அங்கே தட்டினால் இங்கே எழுத்து ஓடும்.

"அழிக்காதே, நன்றாகத்தான் இருந்தது" என்று ஓரத்தில் குறிப்பெழுதினாள். அங்கே எல்லாம் நின்றுபோயிற்று.

"அந்தப் பொண்ணு தும்மினாலும் குறிப்பு போடுவே போல" என்றார் கணவர், வெங்காயம் உரித்தபடி.

"உதவி பண்றேன். உங்க வேலையப் பாருங்க."

பேராசிரியையின் ஆய்வுக் காலத்தில் நெறியாளர் அவள் அத்தியாயங்களை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டார். கேட்டால், "பாக்கலாம்மா." அவர் அறைவாசலில் கால்கடுக்க நின்ற நாட்களில், தன்னிடம் வருகிறவர்களைக் காக்கவைப்பதில்லை என்று முடிவு செய்தாள். காப்பாற்றியும் வந்தாள். பல் மருத்துவரின் நாற்காலியில் இருந்துகூடக் குறிப்பு போகும்.

இந்த மாணவிக்கு அங்கே ஒரு நெறியாளர், இங்கே இவள். மறுநாளுக்குள் நிலத்தடி நீர் அத்தியாயம் போகாவிட்டால் அங்கே ஆய்வு மாணவர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள்.

அழைப்பு வந்தது. திரையில் மாணவியின் கண்கள் வீங்கியிருந்தன.

"மேடம், விட்டுடலாம்னு இருக்கேன். எனக்கு எழுத வரல."

"யாரு சொன்னா? போன வருஷம் எப்படி எழுதினே!"

"அப்ப இந்தக் கோப்புல நீங்க இல்ல, மேடம்."

சொன்ன பிறகு பயந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேர் மேல தெரிஞ்சதும் கை நின்னுடுது."

வெங்காயம் உரிப்பதும் நின்றது.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கேட்ட உடனே பதில் போடுறவங்ககிட்ட எப்படிக் குறை சொல்றது?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"என்னைக் கோப்புலேருந்து எடுத்துடு. முடிச்சதும் அனுப்பு."

"மேடம்?"

"இப்பவே எடு. மனசு மாறிடப் போறேன்."

சற்று நேரத்தில் திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பேராசிரியை தேர்வு மேற்பார்வைக்குப் போனாள். இடைவேளையில் மின்னஞ்சலைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. மாலையில் அத்தியாயம் வந்தது. மூன்றாம் பகுதி சரியில்லை, முடிவுரையே இல்லை. ஆனாலும் அங்குள்ள நெறியாளர் அதை ஏற்று, மாணவி திருத்த அவகாசம் கொடுத்திருந்தார். பேராசிரியை குறிப்புகளை எழுதி, திங்கட்கிழமை போய்ச் சேரும்படி நேரம் வைத்துவிட்டு, துணி மடிக்கப் போனாள்.