சந்தனம் பூசிய தீயணைப்பான்

எங்கள் வீட்டுப் பட்டறையில் ஒரு தீயணைப்பான் இருந்தது. வருடம் தவறாமல் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டோம். சர்வீஸுக்கு மட்டும் ஒரு தடவைகூட அனுப்பவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெலுத்தோங்கில் மாடியில்லாத வரிசை வீடு எங்களுடையது. பின்பக்கம் தகரக் கூரை போட்டு இறக்கிய இடம்தான் என் கணவரின் பட்டறை. வீடுகளில் வைக்கிற சாமி மேடைகள் செய்கிறார். தேக்குப் பலகை, செதுக்கிய தூண், சின்னச் சின்ன இரட்டைக் கதவுகள், கதவு நிறைய பித்தளை மணிகள். கெப்பாலா பத்தாஸிலிருந்தெல்லாம் தேடி வந்து ஆர்டர் கொடுப்பார்கள். அவர் கைவேலையில் நான் குறை சொல்ல மாட்டேன்.

மற்றதில் சொல்வேன். வீட்டின் முன்னறையில் நாங்கள் படுத்தோம். நடு அறையில், ஈரம் படாமல் இருக்க, வேலை முடிந்த மேடைகள் நின்றன. பட்டறையை ஒட்டிய கடைசி அறையில் என் மாமனார் இருந்தார். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்த பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான். அந்த அறைக்கு இருந்த ஒரே வாசல் பட்டறைக்குள்தான் திறந்தது. சன்னலில் திருடனுக்குப் பயந்து இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். ஆக, அந்த மனிதர் வெளியே வர வேண்டுமென்றால் மரத்துக்கு மெருகேற்றுகிற தின்னர், லேக்கர் டின்களையும் மரத்தூளையும் தாண்டித்தான் வர வேண்டும். விற்கப் போகிற மேடைக்கு நல்ல அறை, பெற்ற தகப்பனுக்கு இது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே வருடா வருடம் எங்களைத் திடலில் நிறுத்தி, தட்டில் நெருப்பு மூட்டி, அணைக்கச் சொல்லித் தருவார்கள். அழுத்தம் காட்டுகிற ஊசி பச்சையில் இருக்கிறதா பார், பின்னைப் பிடுங்கு, நெருப்பின் அடியைப் பார்த்து அடி. எண்ணெய், தின்னர் என்றால் தண்ணீர் பக்கமே போகாதே. எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் சொல்லிச் சொல்லித்தான் என் வாய் தேய்ந்தது.

"அந்தத் தோங்கைக் கொண்டுபோய் சர்வீஸ் பண்ணுங்க. உள்ள பவுடர் கெட்டியாயிருக்கும்" என்று அந்தத் தீயணைப்பு உருளையைக் காட்டிச் சொல்வேன்.

"இத்தனை வருஷத்துல இங்க தீப்பிடிச்சிருக்கா? அது நிக்கிற ராசி லா. சும்மா நோண்டாத" என்பார்.

தீப்பிடிக்காததே அது வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாம். இப்படிப் பேசுகிறவரிடம் என்ன பேசுவது? நானே கொண்டுபோகலாம் என்று ஒருமுறை அதைத் தூக்கப் போனேன். பூஜை போட்டு நிறுத்தியதை இஷ்டத்துக்கு நகர்த்தக் கூடாது என்று கத்தினார். அவர் சந்தனம் பூசுவது எங்கே தெரியுமா? ஊசி தெரிகிற அந்த வட்டக் கண்ணாடியின் மேல். பார்க்க நெற்றி மாதிரி இருக்கிறதாம். ஒரு வருடத்துச் சந்தனத்தின் மேல் அடுத்த வருடத்துச் சந்தனம் காய்ந்து, உள்ளே ஊசி என்று ஒன்று இருப்பதே மறைந்துபோனது. பின்னைச் சுற்றிச் சிவப்புக் கயிறு வேறு.

நெருப்பு பிடித்தது ஆயுத பூஜை அன்றுதான்.

அன்று மதியம்கூட ஒரு மேடைக்கு லேக்கர் அடித்திருந்தார். அடுத்து வருகிற பண்டிகைக்குள் கொடுத்தாக வேண்டிய ஆர்டர். பட்டறை முழுக்க மூக்கை அறுக்கிற வாடை. துடைத்த துணிகளை அள்ளிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதன் முன்னாலேயே இழைப்புளி, உளி, டிரில், ஸ்பிரே துப்பாக்கி என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தார். மாமனார் தன் அறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து கைகூப்பியிருந்தார்.

"கற்பூரத்த மட்டும் முன்வாசல்ல வச்சுக் காட்டுங்க. இங்க வேணாம்" என்றேன்.

"பட்டறைக்குப் பட்டறையிலதான் காட்டணும். நல்ல நாளும் அதுவுமா வாய வைக்காத."

நான் சாமி கும்பிடாதவள் இல்லை. செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டேன். ஆனால் தின்னர் வாடைக்கு நடுவே கற்பூரம் கொளுத்தச் சொல்லி எந்தச் சாமியும் கேட்காது.

கருவிகளுக்கெல்லாம் காட்டிவிட்டு, கடைசியாகத் தீயணைப்பானுக்குக் காட்டக் குனிந்தார். தட்டு சாய்ந்தது. எரிகிற கட்டி ஒன்று உருண்டு பெஞ்சுக்கு அடியில் போனது. துணிக்குவியல் குப்பென்று பிடித்தது. பெஞ்சின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மாமனார். நடுவில் நெருப்பு.

நான் தீயணைப்பானைத்தான் எடுத்தேன். மாலையைப் பிய்த்தேன். பின்னைச் சுற்றியிருந்த கயிறு பல வருட முடிச்சு, அவிழவில்லை, பல்லால் கடித்து அறுத்தேன். பின்னைப் பிடுங்கி அழுத்தினேன். முகத்துக்குப் பவுடர் போடுவது போல வெள்ளையாகக் கொஞ்சம் வந்து விழுந்தது. அதோடு சரி. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தேன். ஊசி சிவப்பின் கோடியில் கிடந்தது.

அதற்குள் அவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "ஊத்தாதீங்க" என்று கத்தினேன். ஊற்றினார். எரிகிற தின்னர் தண்ணீர் மேல் ஏறி, தரையோடு ஓடி, மாமனாரின் வாசல் திரையைப் பிடித்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அவர் அறைக்குள் போனார். வேறு எங்கே போவார்?

மேடைகளைப் போர்த்தி வைக்கிற கித்தான் ஒன்று குழாயடியில் கிடந்தது. அதை நனைத்து, இழுத்து வந்து, நெருப்பின் மேல் விரித்துப் போட்டேன். அதன் மேலேயே நடந்துபோய் எரிகிற திரையைப் பிய்த்து எறிந்து, நாற்காலியைப் பிடித்து இழுத்து வந்தேன். என் வலது கணுக்காலில் அன்று சுட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. மிச்ச நெருப்பைப் பக்கத்து வீட்டு அண்ணன் தன் லோரியில் வைத்திருந்த தீயணைப்பானால் அடித்து அணைத்தார். பொம்பாவின் தீயணைப்பு வண்டி வந்தபோது புகைதான் மிச்சம்.

இதுவரை நடந்ததைக்கூட நான் விட்டிருப்பேன். தெரியாமல் செய்துவிட்டார் என்று மனதைத் தேற்றியிருப்பேன். ஆனால் என் கால் புண் ஆறுவதற்கு முன்பே, பாழாய்ப்போன அந்தத் தீயணைப்பானைத் துடைத்து, புது மாலை போட்டு, பழைய இடத்திலேயே நிறுத்தியிருந்தார். ஆர்டரைக் கேட்டு வந்த கெப்பாலா பத்தாஸ் தம்பதியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"இந்தத் தோங்குதான் எங்களக் காப்பாத்துச்சு. வர வேண்டியத அதுவே வாங்கிக்கிச்சு. இல்லன்னா இந்த வீடே இல்ல லா."

அவர்களும் கும்பிட்டார்கள். நான் நொண்டிக்கொண்டே போய் அந்தச் சனியனைத் தூக்கினேன். மாமனாரின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், கொண்டுபோய் வைத்தேன்.

"இனி நீங்க இங்க படுங்க. மாமா முன்னறையில என் கட்டில்ல படுக்கட்டும், நான் கீழ படுத்துக்கறேன். ஒங்க சாமி பக்கத்துலயே இருக்கு, பயம் இல்ல" என்றேன்.

"ஆளுங்க முன்னால என்ன பேச்சு இது?"

"எத்தனை சாமிக்குக் கதவு செஞ்சீங்க? ஒங்க அப்பாவுக்கு ஒரு கதவு செஞ்சீங்களா?"

வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். அன்று ராத்திரி அவர் அந்த அறையில்தான் படுத்தார், நான் வேறு வழி வைக்கவில்லை. காலையில் பார்த்தால், கண் சிவந்து, தின்னர் டின்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிக்கொண்டிருந்தார். அந்த வாடையில் ஒரு ராத்திரி படுத்ததற்கே அப்படி. அன்றே போய்ப் புதுத் தீயணைப்பான் வாங்கி வந்தார். பழையதைக் கடைக்காரர் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே கல்லாகிவிட்டது என்று ஓரமாகப் போட்டாராம். பிறகு அறையின் பின்சுவரை இடித்து, சந்துப் பக்கம் ஒரு கதவு வைத்தார். நல்ல தேக்கு. நாற்காலி தடையில்லாமல் உருளும்படி தரையோடு தரையாக வாசல். மாமனாருக்கு அந்த வாசல் பிடித்துப்போய், தன் அறைக்கே திரும்பிவிட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கற்பூரத்தைப் பின்சந்தில்தான் ஏற்றினோம். மாமனார் தன் கதவைத் தானே திறந்து, நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார். என் கணவர் சந்தனக் கிண்ணத்தோடு புதுத் தீயணைப்பானிடம் போய்க் குனிந்து ஊசியைப் பார்த்தார். பிறகு அடியில், ஓரமாக, ஒரு பொட்டு வைத்தார்.

நான் மாமனாரிடம் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். "அத்தனை வருஷம் அந்த ரூம்ல இருந்தீங்களே மாமா, பயமா இல்லையா?"

"ஸ்பிரே சத்தம் கேக்கறப்பல்லாம் பயம்தாம்மா" என்றார். "சொன்னா, கால் போனதும் அப்பா தனக்கு எடைஞ்சலாயிட்டாருன்னு இவன் நெனச்சுக்குவான். அதான் வாயத் தொறக்கல."

அவர் மகன் கிண்ணத்தோடு வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பட்டறைக்குள் போய்ப் புதுத் தீயணைப்பானின் ஊசியைப் பார்த்தேன். பச்சையில் இருந்தது.