சைலன்சர் மூடியும் சிவப்பு பெயிண்டும்

பிள்ளைகளா, கேம்பல் பே தாத்தா ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று போன வாரம் நீங்கள் மூவரும் என்னைக் குடைந்து எடுத்தீர்கள். அவருக்குப் பெண் அமையவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அமையாமல் போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை எழுதிவிடுகிறேன். நான் அதிகம் படித்தவனில்லை; தப்பு இருந்தால் பொறுத்துப் படியுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தமானில் பெரார்கஞ்சில் இருந்தோம். கேம்பல் பே தாத்தா என் அம்மாவின் தம்பி, எனக்கு மாமா. எங்கள் வீட்டில்தான் இருந்தார். ராணுவம் கழித்துப்போட்ட ஒரு பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்து, எங்கள் ஊருக்கும், போர்ட் பிளேர் போட் வந்து நிற்கும் பாம்பூ பிளாட் ஜெட்டிக்கும் ஆள் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

சைலன்சர் வழியாகப் புகை போவதால்தான் வண்டி அமைதியாக ஓடுகிறது. அங்கே புகை முட்டிக்கொள்வதால்தான் மேட்டில் ஜீப் திணறுகிறது என்பது மாமாவின் கட்சி. ஆகவே சைலன்சருக்கு முன்னாலேயே குழாயில் ஒரு ஓட்டை போட்டு, அதற்கு ஒரு இரும்பு மூடி வைத்தார். உடைந்த லாரியிலிருந்து வைப்பர் மோட்டாரைக் கழற்றி வந்து மூடியோடு இணைத்தார். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். ஒரு தட்டு தட்டினால் மூடி திறந்து, ஜீப் ஊரையே கூட்டும். இன்னொரு தட்டுக்கு மூடிக்கொண்டு சாதுவாகிவிடும். மேட்டுக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொல்வார். சமதரையிலும் பலமுறை தட்டுவார்.

இந்த வயரிங் வேலை எப்படியோ போர்ட் பிளேரில் ஒருவர் காதுக்குப் போனது. அவர் பவர் ஹவுசில் பெரிய வயர்மேன். அவருக்கு ஒரே மகள். பையனின் வேலை சுத்தமாக இருந்தால் பெண்ணையும் கொடுத்து, பவர் ஹவுசில் சொல்லி வேலைக்கும் சேர்த்துவிடலாம் என்று நினைத்தார். மாமா அந்தப் பெண்ணை ஹாடோவில் ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தார். அதற்குப் பிறகுதான் அவர் தினமும் தலை சீவ ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் பெற்றோர் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலை மாமா மோட்டாருக்குப் புது வயர் மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு வயர் ஸ்விட்சுக்குப் போகும். இன்னொன்றை ஜீப்பின் அடி இரும்பில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அதற்குப் பெயர் எர்த். அந்த இடத்தை எட்டணாக் காசு அளவுக்குப் பளபளவென்று சுரண்டி வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நான் முடி வெட்டிட்டு வந்துடறேன். அடியில கொஞ்சம் செவப்பு பெயிண்ட் அடிச்சு வைடா. வர்றவங்க குனிஞ்சு பாத்தா துரு தெரியக் கூடாது."

என் அப்பா பி.டபிள்யூ.டி.யில் பெயிண்டர். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இரும்பை ஒரு நாள்கூட வெறுமையாக விடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தால், நடுவில் வெறும் இரும்பு மின்னுகிறது. மாமா மறந்துவிட்டார் என்று நினைத்து, மற்ற இடத்துக்கெல்லாம் ஒரு கோட்டும் அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு கோட்டும் அடித்தேன். போல்ட் ஓட்டைக்குள்ளும் பிரஷை விட்டுத் திருகினேன்.

மத்தியானம் மாமா புதுச் சட்டை போட்டுவிட்டார். மண்ணில் படுக்க மனமில்லாமல், கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவித் தடவி வயரை முடுக்கினார். மூடி காலையிலிருந்து திறந்தே கிடந்தது. வீட்டை விட்டதும் மேடுதானே என்று, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு அப்படியே கிளப்பினார். மேடு ஏறியதும் ஸ்விட்சைத் தட்டினார். மூடவில்லை. பத்துத் தரம் தட்டினார். குழாய் கொதிக்கிறது, கையால் மூட முடியாது. போட் வேறு வந்துவிடும். அந்தச் சத்தத்தோடேயே ஜெட்டிக்குப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டோம்.

வழி நெடுக யாரும் பேச முடியவில்லை. பெண்ணின் அப்பா, அந்தப் பெரியவர், முன் சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். டீக்கடை வங்காளிக்காரர் ரோட்டுக்கே வந்து, "அரே பாய், டேங்க் கஹாங் ஸே லாயா?" என்று கத்தினார். பட்டாளத்து டேங்கை எங்கிருந்து கொண்டு வந்தாய் என்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் பெரியவர் குனிந்து அடியில் பார்த்தார்.

"வைப்பர் மோட்டாரா தம்பி? யோசனை நல்லாத்தான் இருக்கு. எர்த் எங்க குடுத்திருக்கீங்க?"

மாமா புதுச் சட்டையோடு மண்ணில் படுத்து உள்ளே போனார். நானும் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். போல்டைத் தளர்த்தி வயரை விலக்கினார். அங்கே என் சிவப்பு பெயிண்ட் வழவழவென்று இருந்தது. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெருவிரலால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டார்.

"என் தப்புதாங்க. சரியா முடுக்காம விட்டுட்டேன்."

பெரியவர் நிமிர்ந்தார். கோபம் ஒன்றும் இல்லை; குரல் மட்டும் மாறிவிட்டது.

"வண்டியில விட்டீங்க, சத்தத்தோட போச்சு. நாளைக்கு ஒரு வீட்டு லைன்ல இப்படி விட்டா உசிரு போயிடும் தம்பி."

"ஆமாங்க" என்றார் மாமா. "நீங்க உள்ள போய் டீ சாப்பிடுங்க, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

அம்மா முந்திரி போட்டுக் கேசரி கிண்டியிருந்தாள். அவர்கள் டீயை மட்டும் குடித்துவிட்டு, கடைசி போட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்கள். திரும்பிப் போகையில் ஜீப் பூனை மாதிரி ஓடியது. நன்றாகப் பேசிக்கொண்டு போயிருக்கலாம். பெரியவர் வழி நெடுக வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாமா வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஒரு போல்ட்டு முடுக்கத் தெரியாதவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

"விடுக்கா. இனிமே ஒழுங்கா முடுக்கறேன்."

ஜாதகம் பொருந்தவில்லை என்று அடுத்த வாரம் சொல்லியனுப்பினார்கள். பவர் ஹவுஸ் வேலை பற்றிப் பேச்சே இல்லை. பிறகு தெற்கே நிக்கோபாரில், கேம்பல் பேயில் ரோடு போட டிரைவர்கள் வேண்டும் என்றபோது மாமா ஜீப்பை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்.

பதினாறு வயதில் நான் வயரிங் பழகப் போனேன். முதல் நாளே மிஸ்திரி ஒரு இரும்புப் பெட்டியைச் சுரண்டிக் காட்டி, "பெயிண்ட் மேல எர்த் குடுத்தா கரண்ட் தாண்டாது, தெரிஞ்சுக்கோ" என்றார். அன்று மாமாவின் பெருவிரல் எதை மறைத்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொடியன் தெரியாமல் பெயிண்ட் அடித்துவிட்டான் என்று அன்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெரியவர் சிரித்துக்கொண்டே கேசரி சாப்பிட்டிருப்பார். நான் அதைப் பற்றி மாமாவிடம் இதுவரை கேட்டதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. என் பெயிண்ட்டைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் என் ஒரே குறை. திட்டி முடித்து அம்மா உள்ளே போனதும், பெரியவர் தொடாத கேசரித் தட்டை மாமா எடுத்து என் கையில் வைத்தார்.

"நல்லா அடிச்சிருக்கடா மாப்ள. ஒரு எடம் விடல."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். யாரும் பங்குக்கு வராத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, முந்திரியைத் தனியாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, கேசரி முழுவதையும் தின்றேன். கடைசியில் முந்திரியை ஒவ்வொன்றாகத் தின்றேன்.