நாற்பத்தோரு முறை அழுத்திய விரல்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அக்கா போன் பண்ணினாள். எடுத்ததும் ஹலோகூட இல்லை.

“டேய், உன் வெப்சைட்டு வேலை செய்யுதா இல்லியா?”

என் வெப்சைட்... ஆமாம், நான்தான் செய்தேன். கவிதை எழுதுகிற கைக்கு ஒரு சபலம். ராமகுப்பம் பக்கத்தில் அக்கா மல்பெரி நாற்று வளர்க்கிறாள். பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து முண்டியடிப்பார்கள். ‘போன்லயே புக் பண்ணட்டும் அக்கா, நான் ஒரு ஃபார்ம் செஞ்சு தரேன்’ என்று வாயை விட்டேன். பெயர், ஊர், போன் நம்பர், எத்தனை நாற்று. நாலே கட்டம். நாலு வரிக் கவிதை மாதிரி இருக்கிறதே என்று திருப்பதியில் உட்கார்ந்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

“செய்யுதே. ஏன்?”

“ஒரு மாசத்துல ரெண்டே ரெண்டு பேரு. நாத்து வேர் ஓடிக்கினு கீது. இன்னும் ஒரு வாரம் விட்டா பிடுங்கறப்போ அறுந்துடும். கோலார் வியாபாரி சாயந்தரம் நாலு மணிக்கு லாரியோட வரேன்றான். மொத்தமும் ஏத்தி அனுப்பிடப் போறேன்.”

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னாள்.

“நேத்து ஒருத்தரு வந்து, ‘புக் பண்ணிட்டோம், நிலம் உழுது வெச்சிட்டோம்’ன்றாரு. லிஸ்ட்ல அவரு பேரே இல்ல. யாரு பொய் சொல்றது, அவரா, உன் பொட்டியா?”

நிலத்தை உழுது வைத்துவிட்டு யாராவது பொய் சொல்ல வருவார்களா?

எரர் லாக் என்று ஒன்று உண்டு. தப்புகள் வரிசையாகப் போய்ப் படுத்துக்கொள்ளும் இடம். செய்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திறந்தேன். ஒரே வரி... மழைக்கால ஈசல் மாதிரி, மேலே மேலே அதே வரி. டூப்ளிகேட் என்ட்ரி. எண்ணினேன். நாற்பத்தொன்று.

விஷயம் இதுதான். ‘ஒரு போன் நம்பருக்கு ஒரு பதிவு, அதே நம்பர் மறுபடி வந்தால் உள்ளே விடாதே’ என்று டேட்டாபேஸுக்கு நான் உத்தரவு போட்டிருந்தேன். அது முதல் ஆளை மட்டும் உள்ளே விட்டு, அப்புறம் விசுவாசமாகக் கதவைச் சாத்தியிருக்கிறது. நாற்பத்தோரு தடவையும் ஒரே நம்பர். லாக்கில் பெயர் இல்லை, ஊர் இல்லை, நம்பர் மட்டும்.

எவனோ வேலையில்லாமல் பட்டனை அழுத்தி அழுத்தி விளையாடியிருக்கிறான். எனக்கு அப்படித்தான் பட்டது. ‘லாரியில் ஏத்திடு அக்கா’ என்று வாட்ஸ்அப்பில் அடித்தும் விட்டேன். அனுப்புவதற்கு முன்னால் அவனை நாலு வார்த்தை கேட்காவிட்டால் மனசு ஆறாது என்று அந்த நம்பருக்கு அடித்தேன்.

முதல் ரிங்கிலேயே எடுத்தார். பெயர் முனுசாமி. அவர் ஊரில் பால் சென்டர் வைத்திருப்பவர்.

“நாற்பத்தோரு தடவை நாத்து புக் பண்ணது நீங்களா?”

“நான்தான் நைனா. ஒவ்வொரு தபாவும் ‘நன்றி, பதிவு கிடைத்தது’ன்னு வந்துச்சே.”

வந்திருக்கும். உள்ளே போனாலும் போகாவிட்டாலும் நன்றி சொல்லும்படிதான் நான் எழுதியிருந்தேன். மரியாதைக்குக் குறைச்சல் இருக்கக்கூடாது, பாருங்கள்.

“ஒருத்தருக்கு எதுக்குங்க அத்தினி?”

“எனக்கா? ஊருக்கு. ஒருத்தனுக்கு ரீசார்ஜ் தீந்துபோச்சி, ஒருத்தன் போன் புள்ளைகிட்ட. கூப்பிட்டா எடுக்கிற ஆளு இங்க நான்தானே. ஸ்கூலு, பேங்க், கரண்ட் ஆபீஸ்... எந்த ஃபார்ம்னாலும் என் நம்பர்தான். யாருக்காவது போன் வந்தா நான் பால் சென்டர் மைக்குல கூவிடுவேன்.”

ஒரு ஆளுக்கு ஒரு நம்பர் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பாக்கெட்டில் கை விட்டேன், ஒரு போன் இருந்தது, உலகமே அப்படித்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

“அந்த நாற்பத்தோரு பேரும் யார் யாருன்னு...”

“யாரு வீட்டுப் பசு எத்தினி லிட்டர் கறக்குதுன்னு நோட்டு பாக்காம சொல்றவன் நானு. எழுதிக்கோ.”

எழுதினேன். பெயரும் நாற்றுக் கணக்கும் கடகடவென்று கொட்டின. இரண்டே இடத்தில் யோசித்தார். அவர் தலையில் எந்த என்ட்ரியும் டூப்ளிகேட் ஆகவில்லை.

வாட்ஸ்அப்பில் அடித்ததை அழித்துவிட்டு அக்காவுக்குப் பட்டியலை அனுப்பினேன். கோலார்காரருக்கு ‘வராதீங்க’ போனது. அக்காவிடமிருந்து எனக்கு வந்த பதில், “உன் பொட்டிய மூடிட்டு அவரையே வேலைக்கு வெச்சிக்கலாம்.”

டேட்டாபேஸில் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு நாற்பத்தோரு பேரையும் உட்கார வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். அக்கா சொன்ன அந்த ‘ரெண்டே ரெண்டு பேரில்’ இரண்டாவது பெயர் முனுசாமி. ஆனால் நம்பர் வேறு. மறுபடி அடித்துக் கேட்டேன்.

“அது சம்சாரம் நம்பரு நைனா. என் போனு எந்நேரமும் பிசியா கீது... நம்ம நாத்து சமாச்சாரம் தவறிப்போச்சின்னா?”