வருவாரா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள்

அந்த வாரம் உயர்தர வகுப்புக்கு வெளிநாட்டுக் கொள்கை படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஓர் அரசு தன் பாதுகாப்பையும் மற்ற நாடுகளுடனான உறவையும் எதை வைத்துத் தீர்மானிக்கிறது என்று காட்ட, கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து நடுவில் 'அரசு' என்று எழுதினேன். சுற்றிவர அமைவிடம், எண்ணெய், தேயிலை, கடன் தந்தவர்கள், வாக்காளர்கள். அதே வாரம்தான் என் கணவர் வேலை செய்யும் வளைகுடா நாட்டின் வானத்தில் ஏவுகணைகள் பறந்தன. சண்டை பிடித்தவை அக்கம்பக்கத்து நாடுகள். அவர் இருக்கும் நாடு இடையில் கிடந்தது.

"மிஸ், இதில நாம யார்ர பக்கம்?" என்று முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

இரண்டு தரப்பையும் நிதானமாக நடந்துகொள்ளும்படி கேட்டிருக்கிறோம் என்று, காலைச் செய்தியில் கேட்டதை அப்படியே சொன்னேன்.

"எங்கட அப்பாவும் பெரியப்பாவும் வேலிக்குச் சண்ட பிடிக்கக்குள்ள அம்மாவும் இப்படித்தான் மிஸ் சொல்லுவா. மறுகா ரெண்டு வீட்டயும் சாப்பிடுவா."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வட்டத்தின் வெளியே, 'அங்கே வேலை செய்யும் நம்மவர்கள்' என்று இன்னொரு காரணியைச் சேர்த்தேன். எழுதி முடித்த பிறகுதான், நான் எழுதியது என் கணவரை என்று உறைத்தது.

கணவர் இருக்கும் நாட்டில் வேலை செய்பவர்களின் விபரங்களைக் குடும்பத்தினர் பதியலாம் என்று அறிவித்தார்கள். அன்றே பிரதேச செயலகத்துக்குப் போனேன். படிவத்தின் கடைசியில், நாடு திரும்ப விருப்பமா என்று ஒரு கேள்வி இருந்தது. அவரைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். வேலை நேரத்தில் அவருடைய போன் நிறுத்தியிருக்கும். 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். பின்னேரம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

"பட்டியல்ல பேர் இரிந்தா பிளேன் வந்திருமா?" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள், பாடசாலை விட்டு வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஸ்கூட்டியோடு ஏறி நின்றேன். மிதவை கரையை விட்டு நகரும்போது செயலகத்து உத்தியோகத்தர் அழைத்தார்.

"டீச்சர், உங்கட அவர்ர பேர் ரெண்டு இடத்தில பதிஞ்சிரிக்கி. இஞ்ச வாறதெண்டு இரிக்கி, கல்குடாப் பக்கம் வரல்லயெண்டு இரிக்கி. ஆள் ஒண்டுதானே?"

"ஓம் சேர், ஒண்டுதான்."

"நல்லம். ரெண்டாக்கும் எண்டு பயந்துத்தன். கொழும்புக்கு ஒரு பதில்தான் அனுப்பலாம். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவார். இவரும் என் ஊரான தேற்றாத்தீவுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. ஆனால் கடவுச்சீட்டில் இன்னும் கல்குடா விலாசம்தான். இவருடைய அம்மா, என் மாமி, அங்கே பதிந்திருக்கிறார். இவருடைய தங்கைக்குக் கட்டும் வீடு கதவுநிலை மட்டத்தோடு நிற்கிறது. அது எழும்பாமல் அவளுக்குக் கல்யாணம் இல்லை. கட்டிக் கொடுக்க வேண்டியவர் அண்ணன். அதற்காகத்தான் அவர் போனதே.

முதலில் மாமி மேல் ஆத்திரமாக வந்தது. அக்கரை நெருங்குவதற்குள் என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. 'ஆம்' என்று எழுதியது அவருக்காகவா, என் பயம் தீரவா? பாடப்புத்தகத்தில் அரசு 'கருதுகிறது', 'விரும்புகிறது', ஒரே ஆளைப் போல. அதை வாசித்துக் காட்டும்போது ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. இப்போது அந்தப் பெரிய விருப்பத்துக்குள் எங்கேயோ மாமியின் 'இல்லை'யும் என் 'ஆம்' என்பதும் கிடக்கின்றன. எது மேலே போகும் என்று நான் சொல்ல வேண்டுமாம்.

அன்று பின்னேரம் கணவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"நீயும் அம்மாவும் கதைச்சி ஒண்டச் சொல்லுங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"இஞ்ச றூம் கண்ணாடியெல்லாம் டேப் ஒட்டியிரிக்கம்" என்றார். அவ்வளவுதான்.

அது பதிலா, சும்மா சொன்னதா என்று விளங்காமலே மாமிக்கு எடுத்தேன்.

"ஓம் கா, நான்தான் இல்லையெண்டு குடுத்த. பேர் குடுத்த ஆக்கள கம்பெனி நிப்பாட்டிருமாம். மறுகா ஆரு அவனக் கூப்பிடுற?"

"அங்க சண்ட மாமி."

"டீவி இஞ்சயும் இரிக்கி. நீ படிப்பிக்கிறவள், நீ சொல்லு. இன்னும் எத்தின நாளைக்கு அடிபடுவாங்க?"

கரும்பலகையில் அத்தனை காரணிகளை எழுதியவள் நான். "தெரியா மாமி" என்றேன்.

"உனக்கே தெரியாதெண்டா எனக்கு? வீடு பாதியில நிக்கிற மட்டும்தான் எனக்குத் தெரியும். தெரிஞ்சதப் போட்டன்."

கண்ணாடிக்கு டேப் ஒட்டியிருப்பதைச் சொன்னேன்.

"டேப்பா? என்னத்துக்கு?"

"உடைஞ்சா தெறிக்காம இரிக்க."

"அவன் எனக்கு அப்படி ஒண்டும் சொல்லல்லயே. ஒரு சத்தமுமில்ல எண்டுதானே சொன்னான்." அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "என்ட இல்லய வெட்டச் சொல்லு" என்றார் கடைசியில். "நான் வெட்டச் சொன்ன எண்டு அவனுக்குச் சொல்லாத. தங்கச்சிக்காரிக்குத் தெரிஞ்சா அழுவாள்."

மறுநாள் உத்தியோகத்தரிடம் சொன்னேன். "ஓமெண்டா ஓம். பிளேன் எப்ப எண்டு என்னக் கேக்காதீங்க டீச்சர். கொழும்பில இரிக்கிறவங்களுக்கும் தெரியா" என்றார்.

பின்னேரம் கணவர் அழைத்தார். "என்ன சொன்ன?"

"வாறதெண்டு."

"அம்மா?"

மாமி சொல்ல வேண்டாம் என்றது நினைவுக்கு வந்தது. "அவ ஒண்டும் சொல்லல்ல" என்றேன். தாயின் பேச்சை மீறி நானாக முடிவெடுத்தேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டது சரியா என்று தெரியவில்லை.

"ம்" என்றார். பிறகு, "சின்னவளுக்குச் செருப்பு என்ன அளவு?" என்று கேட்டார்.

மகளின் செருப்பைத் தேடி எடுத்து அடியைப் பார்த்தேன். இலக்கம் தெளிவாகத்தான் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளையின் கால் எவ்வளவு விரைவாக வளரும் என்று எனக்குத் தெரியும். அவர் எப்போது வருவார் என்பதுதான் தெரியாது. ஓர் இலக்கம் கூட்டிச் சொன்னேன். போனை வைத்த பிறகு, இரண்டு கூட்டியிருக்க வேண்டுமோ என்று நினைத்தேன்.