பிரசாதம் சாப்பாட்டில் சேருமா?

அடுத்தவர் தட்டில் இருப்பதைக் கீழே எடுத்து வைக்கச் சொல்லிச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. டயட்டீஷியன் என்று பெயர். தில்லியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டினேன். எங்களை யாரும் கல்யாண விருந்துக்கு மனசாரக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் பக்கத்து இலையில் உட்கார ஆள் வராது. வீட்டில் யாருக்காவது தனிச் சமையல் செய்து, செய்ததற்கும் திட்டு, செய்யாததற்கும் திட்டு என்று வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் என்னைக் குழந்தைகள் வலிப்பு கிளினிக்கில் போட்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள சில குழந்தைகளுக்குச் சோறு, ரொட்டி, சர்க்கரை எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டு நெய், வெண்ணெய், க்ரீம், தேங்காயெண்ணெய் என்று கொழுப்பாகவே கொடுக்கும் வைத்தியம் அது. கீட்டோ டயட் என்பார்கள். மாவுச்சத்து கிடைக்காத உடம்பு கொழுப்பை எரிக்கும். அதில் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் சில குழந்தைகளுக்கு வலிப்பை அடக்கும், சிலருக்கு அடக்காது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் பார்த்து, டாக்டர் கண்ணெதிரில் ஆரம்பிக்க வேண்டிய காரியம். டாக்டர் ஆரம்பித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பிறகு அழுகிற குழந்தை, அழப்போகிற அம்மா, நான்.

பத்தியம்

வள்ளிக்கு ஆறு வயது. நடந்துகொண்டே இருப்பாள், தலை சட்டென்று தொங்கும், அப்படியே விழுவாள். ஒரு நாளில் பலமுறை. நெற்றியில் ஒரு காயம் ஆறுவதற்குள் இன்னொன்று. மருந்துகள் மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. இது நிற்கும்வரை பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். புது யூனிஃபார்ம் தைத்த கையோடு அலமாரியில் கிடந்தது. அப்பா செந்தில் ஏதோ ஒரு அமைச்சகத்தில் கிளார்க், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். அம்மா வடிவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பெயர்களைப் பார்த்தாலே தெரியும், குடும்பமே முருகன் குடும்பம்.

வார்டில் வைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். அடுத்த புதன்கிழமை கிளினிக்கில் குழந்தை வாடிப்போய் வந்தாள். என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். இட்லியும் கஞ்சியும் மிளகு ரசமும் என்றாள் வடிவு. வார்டில் டாக்டர் ‘டயட்’ என்று சொன்னாராம். அது ‘பத்தியம்’தான் என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் தமிழில் விளக்கினாளாம். தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் பத்தியம் என்றால் என்ன என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லையே. நான் எழுதிக் கொடுத்த நெய்யெல்லாம் குழந்தை தேறிய பிறகு கொடுப்பதற்கு என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அவ்வளவு பெருமையாகச் சொன்னாள்:

“நீங்க பயப்படாதீங்கக்கா, நெய்யைப் பிள்ளை கண்ணுலயே காட்டல.”

தடவுவதற்கு

அதே சமயம் ஹரியானாவிலிருந்து ஒரு போலீஸ்காரர் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனுக்கு நாலு வயது. நான் ஹிந்தியில் நெய், வெண்ணெய், மலாய் என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. எங்கள் வீட்டில் எருமையே இருக்கிறது, இதற்கா ஆஸ்பத்திரிக்கு வந்தோம் என்று சிரித்தார். அத்தனை அம்மாக்களும் அழுத அறையில் சிரித்த முதல் ஆள் அவர்தான்.

ரொட்டி கிடையாது என்று அப்புறம்தான் சொன்னேன். புரியவில்லை. அரை ரொட்டி? கிடையாது. கால்? கிடையாது. பையனின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“அச்சா மேடம், நெய் இருக்கு. அதை எது மேல தடவறது?”

ஒரே பெஞ்சு

என் அறைக்குப் பக்கத்து அறை கபூர் மேடத்துடையது. அவளும் டயட்டீஷியன்தான், இதய நோயாளிகளுக்கு. இரண்டு அறைக்கும் வெளியே ஒரே பெஞ்சு. நடுவில் இருந்தது சுவர் என்ற பெயரில் ஒரு பிளைவுட் தட்டி. ‘இன்னும் கொஞ்சம் வெண்ணெய் சேருங்கள்’ என்று நான் இங்கே கெஞ்சுவேன். ‘வெண்ணெயைத் தொட்டால் தொலைந்தீர்கள்’ என்று அவள் அங்கே அதட்டுவாள். ஒரு நாள் அவளுடைய நோயாளி, பெரிய தலைப்பாகை கட்டிய சர்தார்ஜி ஒருவர், என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கபூர் மேடம் அடுத்த அறை என்றேன். தெரியும் என்றார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என்னை மகளே என்று கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பேட்டீ, என் ஃபைலை இந்த ரூமுக்கு மாத்த முடியுமா?”

தோடி ஹை

பத்தியக் குழப்பம் தீர்ந்ததும் வடிவு வேலையில் இறங்கினாள். சமையலறைத் தராசு எளிதில் கிடைக்காத காலம். செந்தில் எங்கேயோ அலைந்து, தபால் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றை வாங்கி வந்தார். அதில் வெண்ணெய் நிறுத்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காயெண்ணெய் வாங்கினாள். புகட்டிய எண்ணெயை வள்ளி துப்பினால், துப்பியதைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தாள். பொறுமை என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அது பார்த்துதான் பழக்கம்.

வள்ளி தோசைக்கு ஏங்கினாள். முட்டையும் க்ரீமும் அடித்துத் தோசைக்கல்லில் ஊற்றி, ஓரமெல்லாம் முறுகலாக்கி எடுக்கும் வித்தையை நானும் வடிவும் சேர்ந்து கண்டுபிடித்தோம். டப்பாவில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தாள். நான் தோசை, தோசை என்று குதூகலித்துக் காட்டினேன். தில்லியில் வளரும் பிள்ளைகளுக்கு எதையும் ஒரே அடியில் மறுக்க ஹிந்தியில் ஒரு சொல் இருக்கிறது, ‘தோடி’. ‘போதும் உன் கதை, அது எங்கே இது எங்கே’ என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். வள்ளி டப்பாவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இது தோசை தோடி ஹை.”

வெளுத்த பட்டை

உடம்பில் கீட்டோன் இருக்கிறதா என்று சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்போம். கரும் ஊதாவாக மாறினால் நல்லது. வெளுத்திருந்தால் எங்கேயோ சர்க்கரை போயிருக்கிறது. வள்ளிக்குப் புதன்கிழமை தோறும் கிளினிக்கில் வெளுத்தது. வலிப்பும் புதன்கிழமைகளில் மோசம், என் மேஜைக்கு முன்னாலேயே விழுவாள். வீட்டில் நனைத்தால் நல்ல கலர் வருகிறது, இங்கே வந்தால்தான் வெளுக்கிறது என்று வடிவு அடித்துச் சொன்னாள். நான் நம்பவில்லை. நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

இருமல் சிரப்பைச் சந்தேகப்பட்டேன், பற்பசையைச் சந்தேகப்பட்டேன், கீழ்வீட்டு மாமி பிஸ்கட் கொடுக்கிறாளா என்று விசாரித்தேன். டாக்டர் பொறுமை இழந்தார். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் நிறுத்திவிடலாம், வலிப்போடு பட்டினியும் எதற்கு என்றார். நிறுத்தினால் பிறகு கொடுத்துப் பார்க்க எங்களிடம் வேறெதுவும் இல்லை என்பது வடிவுக்கும் தெரியும். கடைசியில் செந்திலைக் கூப்பிட்டு, நீங்கள் ஏதாவது வாங்கிக் கொடுக்கிறீர்களா என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். பிள்ளைக்கு முன்னால் சோறு தின்னக் கூடாது என்று ஆபீஸ் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வரும் மனிதர் அவர். அது எனக்கு அப்போது தெரியாது. கோபமே படாமல் சொன்னார்:

“வேணும்னா என்னையும் அந்தப் பட்டையில நனைச்சுப் பாருங்க மேடம்.”

செவ்வாய்க்கிழமை

நானும் ஆர்.கே.புரம்தான். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மலை மந்திருக்கு, எங்கள் பக்கத்து முருகன் கோயிலுக்குப் போனேன். வேண்டுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, இடமாற்றம் கேட்டுத்தான். தரிசனம் முடிந்து படி இறங்குகிற இடத்தில் வடிவு உட்கார்ந்திருந்தாள். மடியில் வள்ளி. வடிவின் உள்ளங்கையில் பஞ்சாமிர்தம். வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சம்பழம். அதை விரலால் எடுத்து எடுத்துக் குழந்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். என்னைப் பார்த்ததும் வடிவு ஒளிக்கவில்லை, பதறவில்லை. இந்தாங்கக்கா, நீங்களும் எடுத்துக்கிடுங்க என்று கையை நீட்டினாள்.

செவ்வாய் தோறும் வந்தாளாம். பிள்ளைக்கு வலிப்பு நிற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அதற்காகவே வந்தாளாம். புதன்கிழமைகளில் என் பட்டை ஏன் வெளுத்தது என்று அங்கே நின்றபடியே விளங்கியது. அப்படி ஒரு கோபம் வந்தது. சன்னிதியில் கோபப்படக் கூடாது என்று என்னை வளர்த்தவர்கள் மேலும் சேர்த்து வந்தது. வாரா வாரம் கேட்டேனே, ஒன்றும் கொடுக்கவில்லை என்றாயே என்றேன். அவள் முகத்தில் பொய் சொன்னவளின் பயம் கொஞ்சமும் இல்லை. அவள் பொய்யே சொல்லவில்லை. சாப்பாடு என்ன கொடுத்தாய் என்றுதான் நானும் கேட்டிருந்தேன்.

“பிரசாதம்க்கா இது. பிரசாதம் சாப்பாட்டுல சேருமா?”

மாமன் வீடு

சேரும் என்றேன். வள்ளியின் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, வடிவு கோபுரத்தைப் பார்த்தாள். சாமி கொடுத்தது என் பிள்ளைக்கு ஆகவில்லையா என்று கேட்டாள். விபூதி போதும், விபூதியில் சர்க்கரை இல்லை என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை வேலையை விட்டு எடுத்திருக்கலாம்.

அடுத்த புதன்கிழமை பட்டை கரும் ஊதாவாக வந்தது. அதற்கடுத்த வாரமும். வள்ளி என் மேஜைக்கு முன்னால் விழாமல் உட்கார்ந்திருந்தாள், நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாயா என்று வடிவிடம் கேட்டேன். நிறுத்தவில்லையாம், கோயிலை மாற்றிவிட்டாளாம். இப்போது கிருஷ்ணன் கோயில். அங்கே நைவேத்தியம் வெண்ணெய். தராசில் நிறுத்த வெண்ணெயைக் கிண்ணத்தில் கொண்டுபோய்ப் படைத்து, அதையே பிள்ளைக்குக் கொடுக்கிறாள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டானா என்று சீண்டினேன். வடிவு அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

“மாமன் வீட்டுக்குத்தானக்கா போயிருக்கோம்? ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டான்.”

ரொட்டி

இதைப் படித்துவிட்டு எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். போலீஸ்காரரின் மகனுக்குப் பட்டை ஒரு நாளும் வெளுத்ததில்லை. அந்த மனிதர் சொன்னதைச் சொன்னபடி செய்தார், வீட்டில் யாருமே ரொட்டி சுடாமல் பார்த்துக்கொண்டார். வலிப்பு மட்டும் அசையவில்லை. டாக்டர் போதும் என்றார். படிப்படியாக நிறுத்தும் முறையை நான் விளக்கினேன். தோற்றுப்போன பரீட்சைக்கு வினாத்தாளை மறுபடி படித்துக் காட்டுவது போல இருந்தது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கலங்கிய கண்ணோடு, ஆனால் ஏதோ ஒரு சந்தோஷத்தோடும் ஒன்றே ஒன்று கேட்டார். அன்று நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

“அப்போ இவன் கையில ஒரு துண்டு ரொட்டி தரலாமா மேடம்?”

எனக்கும் ஒரு பத்தியம்

வள்ளிக்கு வலிப்பு குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றது. அலமாரியில் கிடந்த யூனிஃபார்ம் அதற்குள் சின்னதாகிவிட்டது. வடிவு புதிதாகத் தைத்தாள். பள்ளிக்கூடத்தில் வள்ளி டப்பாவைத் திறந்து முட்டைத் தோசையை யாருக்கும் தராமல் தின்றாளாம், யாரும் கேட்கவும் இல்லையாம். சில வருடங்கள் கழித்து டாக்டர் டயட்டை மெல்ல மெல்ல விலக்கினார். வலிப்பு திரும்பவில்லை.

அதற்குள் என் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. கபூர் மேடம்தான் எனக்கு டயட் எழுதிக் கொடுத்தாள், மிகுந்த ஆனந்தத்துடன். இந்த நிலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வடிவும் வள்ளியும் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நேர்த்திக்கடன் தீர்த்துவிட்டு நேராக வருகிறார்களாம். மாமன் வீட்டிலிருந்து முருகனிடமே திரும்பியாயிற்று. எவர்சில்வர் டப்பாவில் பஞ்சாமிர்தம். வள்ளி வளர்ந்திருந்தாள், நெற்றியில் பழைய வடுக்களுக்கு மேல் விபூதி. எனக்குச் சுகர், சாப்பிடக் கூடாதம்மா என்றேன். வள்ளி ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“ஆன்ட்டி, இது பிரசாதம். சாப்பாடு தோடி ஹை.”

ஊரார் வாயிலிருந்து இனிப்பைப் பிடுங்கியே காலம் தள்ளிய எனக்கு இந்தத் தொழில் கடைசியில் கொடுத்தது அந்த ஒரு ஸ்பூன்தான் என்பதால் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். மறுநாள் கபூர் மேடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோது ஒன்றும் சாப்பிடவில்லை என்றே சொன்னேன்.