குங்குமத்துக்குக் கீழே ஒரு பாதை

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் நெசவாளர் தெருக்காரர்கள் காவடி எடுத்து, நந்தி ஆற்றோரமாகவே நடந்து, ரயில் பாலத்தடியில் புகுந்து திருத்தணி மலைக்குப் போவோம். பாலத்துக்கு முன்னால் கருங்கல் ஜல்லி. வெயிலில் வெறுங்கால் கொப்பளித்துவிடும். ஒரு வருஷம் அங்கே நனைத்த சாக்குகள் விரித்துக் கிடந்தன. யார் போட்டது என்று தெரியவில்லை. மறுநாள் ஜம்புலிங்கம் அண்ணன் வீட்டு வேலியில் அவை காய்ந்துகொண்டிருந்தன. கேட்டேன்.

"மாட்டுக்கும்மா" என்றார். அவருக்கு மாடே கிடையாது.

நிலம் அளப்பவர்களோடு சங்கிலி பிடிக்கப் போகிறவர் அவர். வெள்ளைக்காரன் காலத்துச் சர்வே மேப் ஒன்றை அவர் நைனா விட்டுப்போயிருந்தார். துணியில் ஒட்டியது. ஆறு, ரயில் ரோடு, மலை, எங்கள் பாதை எல்லாம் அதில் உண்டு. ஆயுத பூஜைக்குச் சங்கிலியோடு அதையும் வைத்து, அதில் மலைமேல் ஒரு குங்குமப் பொட்டு, எங்கள் பாதைமேல் ஒரு பொட்டு வைப்பார். வருஷா வருஷம் அதே இடத்தில்.

போன வருஷம் ஆற்றோர ரைஸ் மில்காரர் பாதையை மறித்துச் சுவர் எழுப்பி, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தார். அங்கே பாதையே இருந்ததில்லையாம்! அப்படியானால் நாங்கள் இத்தனை காலம் எதன்மேல் நடந்தோம்? மனு கொடுத்தோம். விசாரணைக்கு அண்ணன் மேப்பைக் கொண்டுவந்தார். நானும் போனேன்.

அதிகாரி விரித்துப் பார்த்துச் சிரித்தார். "இது மேப்பா, சாமி படமா?"

"பொட்டுக்குக் கீழ கீது சார், பாதை" என்றார் அண்ணன்.

"குங்குமம்தான் கீது. அதுமேலயே நடந்து போங்க" என்றார் மில்காரர்.

அதிகாரி நகத்தால் சுரண்டினார். "மெதுவா சார், மெதுவா" என்று அண்ணன் பதறுவதற்குள் பொட்டு காகிதத்தோடு பெயர்ந்து வந்தது. கீழே வெறும் துணி. புது மேப்பிலும் பாதை இல்லை, ஆதாரம் இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்.

பக்தியாக வைத்த பொட்டு தப்பாம். சாமிக்குப் போகிற வழியில் வைத்த சுவர் தப்பில்லையாம். கோபம் வரக்கூடாது என்று தினமும் முருகனிடம் வேண்டுகிறவள் நான். அன்று வேண்டவில்லை. இன்றைக்கும் வேண்ட மனசு வரவில்லை.

அதன்பின் அண்ணன் படுத்துவிட்டார். இந்த ஆடி பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை. ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

"தேவகி, சாக்கு நனைச்சு வச்சியா?"

"எதுக்கு அண்ணா? ஜல்லி வரைக்கும் போவவே முடியாதே. சொவுரு கீதே."

"இருக்கட்டும். நாலா மடிச்சு சொவுத்து மேல போடு, கண்ணாடி குத்தாது. மொதல்ல நீ ஏறி எறங்கு. அந்தாண்ட நின்னுகினு காவடிய வாங்கு."