மைத்துனரின் யோகக் கண்

2005 மழைக்காலத்தில் என் மூளைத் தண்டில் சிறிய அடைப்பு வந்தது. கைகால் பிழைத்துக்கொண்டன. இடது கண் மட்டும் மூக்கைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டது. எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரியும். எது நிஜம் என்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டுதான் முடிவு செய்யவேண்டும்.

கண் ஒரே நிலையில் அரை வருடம் நிற்கட்டும், பிறகு உள்பக்கத் தசையைத் தளர்த்தி வெளிப்பக்கத்தை இறுக்கலாம் என்றார் புதுச்சேரி டாக்டர். நேர்ப்பார்வை ஒன்றாகிவிடும், கீழே பார்த்தால் இரண்டாகத் தெரிவது மிஞ்சலாம் என்பதையும் சொன்னார். அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவனுக்குக் காத்திருப்பது புதிதல்ல.

அடுத்து வந்த கோடையில் மரக்காணம் உப்பளத்தில் என் மைத்துனருக்கு விளைச்சல் கொழித்தது. மாறுகண் வீட்டுக்கு யோகம் என்பது ஊர்ப்பேச்சு. பிறவி மாறுகண்ணுக்கு இருந்த சலுகையை அவர் நரம்புக் கோளாறுக்கும் நீட்டித்துவிட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் வந்து உட்கார்ந்தார்.

“மாமா, மழ வர்ற வரைக்கும் கண்ண அப்படியே உடுங்க. இப்பதான் உப்பு அள்ள அள்ள வருது.”

“எனக்கு ரெண்டு பஸ்ஸு வருதேப்பா.”

“ஒரு கண்ண மூடிக்கினு போங்க. யாரு வேணாங்கறா?”

தம்பி சொல்வதில் தப்பில்லை என்றாள் என் மனைவி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன் என்றாள். உடனிருப்பவர் கையெழுத்து வேண்டும் என்பதுதான் விதி. அவர் மனைவியாக இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. பழைய அலுவலக நண்பரை அழைத்துப் போனேன்.

ஆபரேஷன் முடிந்து கண்கட்டைப் பிரித்தபோது சுவர்க் கடிகாரம் ஒன்றே ஒன்றாக இருந்தது. அழுதேன். தையல் உறுத்தினால் கண்ணீர் வருவது சகஜம் என்றார் நர்ஸ்.

வீடு திரும்பிய சில நாளில் கோடைமழை கொட்டி, குவித்து வைத்திருந்த உப்பு மூடுவதற்குள் கரைந்தது. வங்கக்கடல் மேகத்தை இழுத்துவந்தது என் கண்ணில் போட்ட தையல்தான் என்று முடிவாயிற்று. மைத்துனர் வருவதை நிறுத்தினார். மனைவி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னபடியே மிச்சமும் இருந்தது. கண்ணை மட்டும் தாழ்த்திக் கீழே பார்த்தால் தட்டு இரண்டு, படி இரண்டு. முகவாய் நெஞ்சில் படும்படி தலையைக் கவிழ்த்தால்தான் ஒன்றாகும். கடைத்தெருவில் அப்படித்தான் நடந்தேன். டீக்கடையில் மைத்துனர் பேசியதை மனைவிதான் வந்து சொன்னாள், கொஞ்சம் திருப்தியாகவே.

“செஞ்ச தப்பு தெரிஞ்சிதான் தலய தொங்கப் போட்டுக்கினு போறாருன்னு சொல்றான்.”

நிமிர்ந்து நடந்து மறுத்துக் காட்டியிருக்கலாம். நிமிர்ந்தால் காலடிப் பள்ளம் இரண்டாகிவிடுகிறது. குனிந்தே போகிறேன்.